றொபேட் அண்ணனின் காரில் உள்லைட்

வயரிங் வேலைக்காரனைக் கட்டினால் வீட்டில் ஒரு பல்பும் ஒழுங்காக எரியாது என்று என் கல்யாணத்தின்போது எல்லாரும் பகிடி பண்ணினார்கள். நடந்தது வேறு. எங்கள் வீட்டில் அழைப்பு மணியின் வயர்கூட வெறுமனே முறுக்கி விடப்பட்டதில்லை. ஈயம் உருக்கி ஒட்டி, இரண்டு சுற்று டேப் போட்டு, ஒருதரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் என் கணவர் மெல்ரோய் கையை எடுப்பார். கட்டாரில் ஒரு கராஜில் பத்தொன்பது வருடம் இதே பிடிவாதத்தோடுதான் வேலை செய்தார். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் முடிக்கும் வயர் மூட்டுக்கு இவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். முதலாளி ஏசுவாராம், அந்த வேலை ஒருநாளும் பழுதாகித் திரும்பி வராததால் பிறகு வாயை மூடிக்கொள்வாராம்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதைக் கல்யாணமாகி மூன்றாம் வருடம்தான் என்னிடம் சொன்னார்.

தொண்ணூற்றேழில் இவருக்கு இருபத்தாறு வயது. மூத்தவர் றொபேட் அண்ணன் ஒரு பழைய மொறிஸ் மைனர் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சண்டை நடந்த அந்த நாட்களில், இருட்டில் ஆமியின் சோதனைச் சாவடியை நெருங்கும் வாகனம் பெரிய லைட்டை அணைத்து, சின்ன லைட்டோடு மெதுவாக வர வேண்டும். ஓட்டுபவரின் முகம் தெரிவதற்காக உள்லைட்டையும் போட வேண்டும். வண்டி ஓடிய எல்லாருக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. றொபேட் அண்ணனோ பெயர்போன மறதிக்காரர். ஒருமுறை கோயில் வாசலில் மனைவியையே மறந்து விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தவர். அதனால் தம்பி ஒரு வேலை செய்தார். பெரிய லைட்டிலிருந்து சின்ன லைட்டுக்கு மாற்றிய உடனே உள்லைட் தானாகப் பற்றும்படி, ரிலே என்கிற சின்னப் பெட்டி ஒன்றை இடையில் பூட்டினார். ‘டக்’ என்று அது ஒரு சத்தம் போடும், காருக்குள் வெளிச்சம் வரும். காரின் கூரைத் துணிக்குள் போகும் கடைசி மூட்டுக்கு வந்தபோது கையில் ஈயம் முடிந்துவிட்டது. கடைகளிலும் இல்லை, எந்தச் சாமானும் ஒழுங்காக வந்து சேராத காலம். முறுக்கி டேப் சுற்றினார். ஈயம் கிடைத்ததும் ஒட்டலாம் என்று விட்டார்.

பதினொரு நாள் கழித்து, சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிவந்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, றொபேட் அண்ணன் தனியாக வீட்டுக்குத் திரும்பினார். பொழுதுபட்டு ஏழு மணி. ஒரு சாவடிக்கு முன்னால் அவரைச் சுட்டார்கள். விசாரணைக் கடதாசியில் காரணமாக ஒரே ஒரு வரி இருந்தது: உள்லைட் எரியவில்லை, ஆளை அடையாளம் காண முடியவில்லை.

அந்த மூட்டு விட்டுப்போனதால்தான் அண்ணன் செத்தார் என்று மெல்ரோய் நம்பினார். அண்ணனின் மனைவி இன்பமலர் அக்காவுக்கு ரிலேயும் தெரியாது, மூட்டும் தெரியாது. மனிசன் வழக்கம்போல மறந்துவிட்டார் என்று அவர் நினைத்தார். படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தும்போதும், ஒரு சுவிச்சைப் போட மறந்துவிட்டீர்களே என்று ஏசுவார். பக்கத்தில் நிற்கும் மெல்ரோய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இது கோழைத்தனம் என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஓம், கோழைத்தனம்தான் என்பார். அதற்கு மேல் அவரோடு சண்டை பிடிக்கவும் ஏலாது.

அந்தக் கார் இருபத்தேழு வருடமாக அன்புவழிபுரத்தில் அக்காவின் வீட்டுப் பின்வளவில், தறப்பாளால் மூடிக் கிடந்தது. போன வருடம் அக்காவின் மகள் அவரை ரொறன்ரோவுக்கு வரச் சொன்னாள். விசா வந்ததும் அக்கா இவரைக் கூப்பிட்டு, காரைக் கொண்டுபோகச் சொன்னார்.

“பிரிச்சுப் பார், மெல்ரோய். லைட் பழுதோ, இல்லாட்டி அந்த மனிசன் மறந்ததோ எண்டு எனக்குத் தெரிய வேணும். அதைத் தெரிஞ்சுகொண்டுதான் பிளேன் ஏறுவன்.”

டிரக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வளவில், நான் உடுப்புக் காயப்போடும் இடத்தில் நாலு கம்பு நட்டு, தென்னோலைக் கிடுகு வேய்ந்து, அதற்குள் காரை விட்டார். பழைய காரைப் புதுசாக்குகிறேன் என்று ஊருக்குச் சொன்னார். ஊருக்குள் ஆடு மாதிரித் திரிந்து, எங்கள் கோவா இலையைத் தின்ன வரும் மான்கள் அதற்குப் பிறகும் வந்தன. ஆனால் தின்னாமல் கார்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் கல்லெறிந்து துரத்தினேன். அதைத்தான் முதலில் நான் விரும்பவில்லை.

இவர் முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். துணி சுற்றிய அந்தக் காலத்து வயர்கள் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தன. ஒவ்வொன்றையும் கழற்ற முன்னம் கடதாசித் துண்டு கட்டி இலக்கம் எழுதி, புது வயர் இழுத்தார். இந்தக் காரில் பற்றரியின் நேர்முனையைத்தான் இரும்பு உடம்பில் பூட்ட வேண்டுமாம், இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. அதைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிவைத்தார். ஹோர்ன் அடித்தது. பின்லைட் எரிந்தது. இரண்டு மாதத்தில், கூரையைத் தவிர எல்லாம் முடிந்தது. கூரைத் துணியில் ஒரு மண்ணிறக் கறை இருந்தது. உள்லைட்டின் மூடி பாதி உடைந்து தொங்கியது. அதற்கு நேரே வரும்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்துகொள்வார். எப்போது அதைத் திறப்பீர்கள் என்று கேட்டால், கடைசியாக என்பார்.

உள்லைட்டுக்குப் போகும் வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க, கதவோரத்தில் ஒரு டெஸ்ட் பல்பைக் கவ்வி, அதை ஓட்டுநர் இருக்கையில் கிடத்திவிட்டுச் சாப்பிட வந்தார். மூன்று மணி இருக்கும். நல்ல வெயில். நான் உடுப்பு எடுக்கப் போனேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பினேன். வெறும் இருக்கையில் அந்தப் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

இவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தபோது சுவிச் முழுதாக அணைந்துதான் இருந்தது. துருவாக இருக்கும் என்று சொல்லி, சுவிச்சைக் கழற்றித் துப்புரவாக்கினார். அடுத்த நாளும் மூன்று மணிக்கு எரிந்தது. புது சுவிச் போட்டார், எரிந்தது. ஃபியூஸ் பெட்டியை மாற்றினார். ஐந்தாம் நாள் பற்றரியையே கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தோம். பல்ப் எரியவில்லை. ஆனால் ‘டக்’ கேட்டது.

வெயிலில் கூரைத் தகரம் விரிகிற சத்தம் என்றார் மெல்ரோய். எங்கள் கொட்டகைக்குக் கிடுகுக் கூரை. நான் மேலே பார்த்தேன், அவரும் பார்த்தார். இரண்டு பேரும் எழும்பிக் குசினிக்குள் வந்து விட்டோம். எனக்குப் பயம் என்பதை மறைக்க மாட்டேன். அடுத்த நாள் இவர் பற்றரியைத் திரும்பப் பூட்டினார், நானோ அன்றிலிருந்து உடுப்பை முன்பக்கம்தான் காயப்போடுகிறேன்.

தேடிப் பார்க்க மிச்சம் இருந்தது காரின் கூரை மட்டும்தான். அக்கா பயணம் போக இரண்டு நாள் இருந்தது. இவர் காலையிலேயே சிலுவை போட்டுக்கொண்டு காருக்குள் ஏறினார். நான் வாசலில் நின்றேன். மூடியின் ஆணியைக் கழற்றி, துணியை விலக்கி, அந்த மூட்டை வெளியே எடுத்தார். டேப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். வயர் வளைந்ததே தவிர, மூட்டு விடவில்லை.

பிறகு பல்பைக் கழற்றினார். கண்ணாடி இல்லை, துவக்குச் சூடு பட்டு உடைந்து போயிருந்தது. அடிப்பித்தளையும் உள்ளேயிருக்கும் கம்பியின் மிச்சமும் மட்டும். அதை வெயிலில் பிடித்துப் பார்த்தவர் அப்படியே கார்க் கதவுப் படியில் இருந்துவிட்டார். கம்பியைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாக மாப் போல ஏதோ படிந்திருந்தது.

“அணைஞ்சு கிடக்கேக்க உடைஞ்ச பல்பெண்டால் கம்பி மினுங்கும்,” என்றார். “எரிஞ்சுகொண்டிருக்கேக்க உடைஞ்சால்தான் காத்துப் பட்டு இப்பிடி மாப் படியும். இது எரிஞ்சிருக்கு.”

எனக்குச் சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. உங்கள் மூட்டில் பிழை இல்லை, அண்ணனும் மறக்கவில்லை, இரண்டு பேரும் தப்பிவிட்டீர்கள் என்று அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் கை தானாக விலகியது.

“முகம் தெரிஞ்சிருக்கு நதீஷா. நான் போட்ட வெளிச்சத்தில முகத்தைப் பாத்துப்போட்டுத்தான் சுட்டிருக்கினம்.”

பிறகு எழும்பி, கூரைத் துணியை முன்போல இழுத்து விட்டார். பல்பைக் கைலேஞ்சியில் சுற்றி என்னிடம் தந்தார். அதை அலுமாரியில் வைத்தேன்.

அடுத்த நாள் அக்கா பயணம் சொல்ல வந்தார். புதுச் சப்பாத்து, புதுக் கைப்பை. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே கொட்டகைக்குப் போனார். காரின் முன்பக்கத்தைத் தடவினார். பிறகு காருக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, மெல்ரோயிடம் ஒரே கேள்விதான் கேட்டார். அவர் மறந்தவரோ இல்லையோ?

உண்மை இவருடைய நாக்கின் நுனியில் இருந்தது. இருபத்தேழு வருடம் இவர் செபித்தது அந்த உண்மைக்காகத்தான். சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

“அண்ணன் மறக்கேல்லை மச்சாள்,” என்றார். “லைட் தானாப் பத்துற மாதிரி நான்தான் பூட்டிக் குடுத்தனான். மூட்டுக்கு ஈயம் இல்லை, முறுக்கி விட்டனான். அது விட்டுட்டுது. அதாலதான் பத்தேல்லை. சுட்டவையளுக்கு அது ஆரெண்டே தெரியாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுமாரிக்கு ஓடி அந்தக் கைலேஞ்சியைக் கொண்டுவந்து விரித்துக் காட்ட வேண்டும் என்றே காலை எடுத்து வைத்தேன். அப்போது ‘டக்’ என்று கேட்டது. அக்காவின் முதுகுக்குப் பின்னால், வெறும் இருக்கையில், டெஸ்ட் பல்ப் பற்றியது. காலை பத்து மணிகூட ஆகவில்லை. அப்படி ஒரு பிரகாசத்தில் அதற்கு முன்னம் அது எரிந்ததில்லை. மெல்ரோய் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா என்ன சத்தம் என்று திரும்பப் போனார். என்னை அறியாமலே நான் போய்க் கார்க் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றேன். முதுகில் அந்த வெளிச்சத்தின் சூடு பட்டது. ஒரு சின்ன பல்புக்கு அவ்வளவு சூடு இராது.

கண்ணாடி சூட்டில் வெடிக்கிற சத்தம் அக்கா என்றேன். அந்த வீட்டில் இரண்டாவது பொய்யைச் சொன்னவள் நான்.

அக்கா மெல்ரோயின் தலையில் கையை வைத்தார். ஈயம் கிடைக்காத காலம், நீ என்ன செய்வாய், வேணுமென்றா செய்தாய் என்றார். மன்னித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னார். மெல்ரோய் அழுதார். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பாவம் அந்த மனிசன், இவ்வளவு காலமும் சும்மா ஏசிப்போட்டேன் என்று அக்காவும் அழுதார். நான் அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றேன்.

அக்கா போய் ஏழு மாதம் ஆகிறது. ஞாயிறு தோறும் போன் எடுத்து, மனதில் வைத்திருக்காதே என்று இவருக்குச் சொல்கிறார். அங்கே இரவில் நன்றாக நித்திரை வருகிறதாம். கார் கொட்டகையில்தான் நிற்கிறது. பற்றரியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கே பிழை என்றாவது கண்டுபிடியுங்கள் என்று போன கிழமையும் சண்டை பிடித்தேன். ஊரில் எவருடைய காரிலும் அரை மணித்தியாலத்தில் பிழை பிடிக்கிற மனிசன், இதில் கைவைக்க மாட்டேன் என்கிறார். மூன்று மணியானால் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

“எரிஞ்சதெண்டு அண்ணன் சொல்லட்டும் நதீஷா,” என்றார். “நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்.”