மூக்குக் குழாயில் ஒரு கோடு

எதிர்வீட்டு அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தில் கூண்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, கீழே இருப்பவனிடம் சினிமாக் கதை பேசியபடியே ஸ்பேனரைத் திருப்புகிற ஆள். அப்படிப்பட்டவர், மனைவியின் மூக்கிலிருந்து தொங்கிய பேனா ரீஃபில் அளவுக் குழாயைப் பார்த்து நடுங்கினார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நானே பார்த்தேன்.

அவர் மனைவி எனக்கு அக்கா. அண்ணனின் மனைவி எப்படி அக்கா ஆவாள் என்று கேட்காதீர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் உறவுமுறை அப்படித்தான். பேச்சில் அவளை ஜெயிக்க எங்கள் கட்டடத்தில் ஆள் கிடையாது. வாட்ச்மேன்கூட அவள் வருவதைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தன. பேச்சும் போனது. விழுங்கும் சக்தியும் போனது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாராம். மூக்குவழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்தான் இனி சாப்பாடு. குழாய் இடம் மாறி, ஊற்றியது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அண்ணன் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கே ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குப் போன் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நர்ஸ் வேண்டுமா, அட்டெண்டர் வேண்டுமா என்று அங்கே போனை எடுத்த பெண் கேட்டாள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் நர்ஸ் என்றுதான் அண்ணன் அதுவரை நினைத்திருந்தார். அவள் பொறுமையாக விளக்கினாள். அட்டெண்டர் கூடவே இருப்பார். குளிப்பாட்டுவார், துணி மாற்றுவார், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார். ஆனால் குழாயையும் ஊசியையும் தொட மாட்டார். நர்ஸ் அவ்வப்போது வந்து பார்ப்பார், குழாய் மாற்றுவார். தினமும் சாப்பாடு ஊற்றுவது வீட்டு ஆளின் வேலை, அதை நர்ஸ் சொல்லிக்கொடுப்பார்.

போனை வைத்துவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார்.

"துடைக்க ஒருத்தர், திருப்ப ஒருத்தர். உயிர் போற வேலை மட்டும் எனக்கா?"

நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தார். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். குழாயில் மூக்கருகே தான் மையால் போட்ட கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சிரிஞ்சால் மெல்ல உறிஞ்ச வேண்டும். வயிற்று நீர் வந்தால்தான் ஊற்றலாம். வராவிட்டால் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் தன்னைக் கூப்பிட வேண்டும். அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

அட்டெண்டராக வந்தவள் நடுத்தர வயதுக்காரி, அதிகம் பேசாதவள். அவளை அண்ணன் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அவள் அக்காவைப் புரட்டினால் இவருக்கு மூச்சு நின்றது. வாய் துடைத்தால் எழுந்து வந்தார். குளிப்பாட்டும்போது குழாயை இழுத்துவிடுவாளோ, தனக்குத் தெரியாமல் தண்ணீர் கொடுத்துவிடுவாளோ என்று கதவோரமே நின்றார். ஆபத்து வெளியிலிருந்து வந்த கையில் இருக்கிறது என்று அவருக்கு எப்படியோ முடிவாகிவிட்டது. அவளுக்கும் அது தெரியும். என்னிடம் ஒருமுறை, "பயந்த மனுஷன், விடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

உறிஞ்சிப் பார்ப்பது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. சிரிஞ்சை இழுக்கும்போது அக்காவுக்குக் குமட்டும், கண்ணில் நீர் வரும். கோடுதான் இருக்கிறதே என்று நினைத்தார். லிஃப்ட்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டிருப்பார்கள். கோடு நேராக நின்றால் கூண்டு மாடிக்குச் சமமாக நிற்கிறது என்று அர்த்தம், இறங்கிப் பார்க்கத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கோடு அவரை ஏமாற்றியதில்லை. அதனால் குழாயின் மைக்கோட்டைத் தினமும் பேனாவால் அழுத்திப் புதுப்பித்தார். உறிஞ்சுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார். இரும்புக் கயிறு சுருளாது, ரப்பர் மாதிரியான இந்தக் குழாய் சுருளும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று காலையில் அக்காவுக்கு விடாமல் இருமல். குடலே வெளியே வந்துவிடும் போல இருமினாள். பிறகு அடங்கியது. மதியம் அண்ணன் கோட்டைப் பார்த்தார், மயிரிழைகூட நகரவில்லை. பாலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா தன் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பசியா? இரு, இதோ," என்றார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தார். அவள் மறுபடி பிடித்தாள். மறுபடி பிரித்தார். ஊற்றினார்.

அட்டெண்டர் கத்தியது என் வீட்டில் கேட்டது. நான் ஓடும்போது அக்காவின் கடைவாயில் பால் நுரைத்து வழிந்தது. முகம் கறுத்திருந்தது, கண்கள் பிதுங்கின. அவள் இருமக்கூட முடியாமல் துடித்தாள். அண்ணன் சிரிஞ்சைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அட்டெண்டர் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள், அக்காவைப் பக்கவாட்டில் சாய்த்தாள், வாயைத் துடைத்துத் துடைத்துப் பாலை வெளியே எடுத்தாள். செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தொண்டையில் குழாய் வளையமாகச் சுருண்டு கிடந்தது. வெளியே மூக்கருகே கோடு, போட்ட இடத்திலேயே இருந்தது.

அக்கா மூச்சை இழுத்த சத்தம் இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் இழுத்துவிட்டாள்.

போன் செய்ததும் நர்ஸ் ஓடிவந்து குழாயை உருவினார். ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், புதுக் குழாய் போட்டார்கள், அது வயிற்றில் இருப்பதை இன்னொரு எக்ஸ்ரேயில் உறுதி செய்தார்கள். நெஞ்சில் பால் இறங்கியிருக்கிறதா என்பது இப்போது தெரியாது என்றார் டாக்டர். காய்ச்சல் வந்தாலோ மூச்சு வேகமானாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். காய்ச்சல் வரவில்லை, ஆனால் அது பிறகு தெரிந்த சேதி. அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது எங்கள் யாருக்கும் அது தெரியாது. அக்காவின் நெற்றியில் மாறி மாறிக் கை வைத்தோம். யாருடைய கை சுடுகிறது என்றே புரியவில்லை.

அடுத்த வேளை சாப்பாட்டுக்கு நேரம் வந்தது. அண்ணன் உறிஞ்சிப் பார்த்தார். அக்காவுக்குக் குமட்டியது, வயிற்று நீர் வந்தது. எல்லாம் சரி. பால் கிண்ணத்தை எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியலம்மா. நீயே ஊத்து," என்றார் அட்டெண்டரிடம். இத்தனை நாளும் சந்தேகப்பட்ட அதே அட்டெண்டரிடம்.

"நான் தொடக்கூடாது சார்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "மத்தியானம் அம்மா உங்க கையப் பிடிச்சாங்களே. எதுக்குன்னு அவங்கள்ட்டயே கேளுங்க."

அண்ணன் கட்டிலருகே குனிந்தார்.

"குழாய் தொண்டைக்கு வந்துடுச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

அக்கா ஆமென்று தலையை அசைத்தாள்.

"ஊத்தாதேன்னுதான் பிடிச்சியா?"

அசைத்தாள்.

அண்ணன் உடைந்துபோய் அழுதார். எத்தனை டாக்டர், எத்தனை போன், எத்தனை விசாரணை. அவளுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் எல்லோரையும் கேட்டோம். பேச்சு போனதும் அறிவும் போய்விட்டது போல அவள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம். தன் தொண்டையில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மணிக்கட்டின்மேல் தானே வைத்தார். அவள் பிடித்துக்கொண்டாள். மறு கையில் சிரிஞ்சை எடுத்துக்கொண்டார்.

"ஊத்தட்டுமா? சரின்னா விடு."

அக்கா கண்ணை மூடி, எச்சிலைக் கூட்டி, தொண்டைக்குள் எதையோ தேடுகிறவள் போல வெகுநேரம் இருந்தாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் கையை விட்டாள்.