சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி

துஷ்யந்தி காலையும் மாலையும் என் கடைக்கு வருவாள். சாமான் வாங்க அல்ல. புசல்லாவை மெயின் ரோட்டில் இருக்கும் என் கடை ஃப்ரிட்ஜில், சோடாப் போத்தல்களுக்கு நடுவே, அவள் மகள் கஜனியின் இன்சுலின் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் ஏது? எட்டு வயதுப் பிள்ளைக்குச் சீனி வருத்தம் என்றபோது நானே நம்பவில்லை.

ஊசி போடும் நேரம் கஜனி என்னை முறைப்பாள்.

"மாமா, அங்கிட்டுத் திரும்புங்க."

"நான் பாக்கல. டொபி போத்தல்தான் ஒன்னயப் பாக்குது."

"அது சும்மா பாக்கும். எனக்குத் தராது."

துஷ்யந்தியின் புருஷன் கொழும்புக்குப் போய் மூன்று வருடம். அதற்கு ஊரில் மூன்று கதை. மூன்றாவது நான் கட்டியது. அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை. கொழுந்து பறித்தாள், பிள்ளைக்கு ஊசி போட்டாள்.

ஒருமுறை ஊசி போட்ட பிறகு சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போன கஜனி, அங்கே சீனி இறங்கி மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து தாய்க்கு ஒரே சட்டம்: சோறு இல்லையென்றால் ஊசி இல்லை.

போன ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி. இரண்டு நாள் துஷ்யந்தியைக் காணவில்லை. மூன்றாம் நாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, புள்ள மூச்சு வாங்குது!"

"ரெண்டு நாளா ஊசிக்கு ஏன் வரல?"

"ஒரு வாய் சோறு எறங்கல. எப்புடிப் போடுறது?"

கஜனியின் வாயில் அழுகிய பழ வாடை அடித்தது. நாங்கள் ஆட்டோவில் போகும்போது "தண்ணி, தண்ணி" என்று கேட்டாள். கம்பளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, ஆம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே போகும்போது பிள்ளைக்கு நினைவில்லை.

மறுநாள் பகல் டாக்டர் வெளியே வந்தார். துஷ்யந்தி சுவரோரம் தரையில் இருந்தாள். பிள்ளை போய்விட்டது என்று டாக்டர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார். ஏன் சேர் என்று கேட்டேன். இரத்தத்தில் அமிலம் ஏறி மூளை வீங்கிவிட்டதாம். காய்ச்சல் நாளில், சாப்பிடாவிட்டாலும், இன்சுலினை நிறுத்தவே கூடாதாம்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"கஜனி போயிட்டாம்மா. காய்ச்சல்தான் காரணமாம். ஊசி போட்டிருந்தாலும் பொழைச்சிருக்காதாம்."

அவள் அழாமல் என்னையே பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தி கண்டியில ஒரு சிங்கள வீட்டுல அஞ்சு வருஷம் புள்ள பாத்தேண்ணே. டாக்டர் சொன்னது எனக்கு வெளங்கிச்சு."

ஊர்க்கதை அத்தனையும் தெரிந்த எனக்கு இது தெரியாது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"நீங்க சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே."

சொன்னேன்.