உள்ள போ பாப்பா

அமெரிக்காவிலிருந்து என் தங்கை தன் மகளோடு விடுமுறைக்கு வந்திருந்தாள். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழந்தை கொல்லையில் விளையாடிக்கொண்டிருக்க, நானும் தங்கையும் டிவியில் ஓர் ஆவணப்படம் பார்த்தோம். அந்த நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றிய படம். ஒரு வீட்டில் கதவுக்கு மூன்று பூட்டு, வாசலில் கேமரா, படுக்கைக்குப் பக்கத்தில் துப்பாக்கி. இவ்வளவு இருந்தும் தூக்கம் வரவில்லை என்றார் வீட்டுக்காரர். அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தில், துப்பாக்கிக்காரன் நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சியைக் காட்டினார்கள். டீச்சர் விளக்கை அணைக்க, பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் மூலையில் ஒண்டி உட்கார்ந்தார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இந்த ஊருக்கா விழுந்தடிச்சிக்கிட்டு ஓடுனீங்க? நம்ம காரைக்கால்ல வாசக்கதவ சாத்துறதே படுக்கப் போறப்பதான்" என்றேன்.

தங்கை டிவியை அணைத்தாள். "பாப்பா ஸ்கூல்லயும் இது உண்டுக்கா. அப்பப்ப பழக்குவாங்க" என்றாள், நீச்சல் வகுப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் பறை கேட்டது. சுடுகாட்டுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். பிணம் கடந்து போகும்வரை வாசல்கதவைச் சாத்தி வைப்போம், போனபின் தண்ணீர் தெளித்துவிட்டுத் திறப்போம். எத்தனையோ முறை செய்த காரியம். சத்தம் கேட்டு ஓடிவந்த குழந்தையை, "உள்ள போ பாப்பா, வெளிய வராத" என்று அதட்டிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சரியாக அப்போதுதான் எங்கள் வாசலுக்கு நேரே வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். சாவு ஊர்வல வெடி, சரம் சரமாக. எங்களுக்கெல்லாம் அது பழகிப்போன சத்தம்.

தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. தங்கையும் கூப்பிட்டாள். கொல்லைக்கதவு திறந்து கிடந்தது. கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். தங்கை அலறிக்கொண்டு ஓடி, புடவையோடு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். நான் அறை அறையாகப் போய்ப் பேர் சொல்லிக் கத்தினேன். அரிசி மூட்டை வைக்கும் அறையிலும் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா, "அல்லா, புள்ளய கண்ணுல காட்டு" என்றபடி தங்கையின் பின்னாலேயே ஓடினார்.

வாய்க்காலில் துழாவக் கம்பு எடுக்க அதே அறைக்குத் திரும்பி வந்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கால் தெரிந்தது. சுவரோடு சுவராக ஒட்டி, கையால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். பயத்தில் பாவாடையை நனைத்திருந்தாள். நான் போட்ட கூச்சலில், சேற்றுக் காலோடு வந்து விழுந்தாள் தங்கை.

"நான் கூப்புட்டது கேக்கலியாடி கண்ணு?" என்றேன்.

"கேட்டுச்சு பெரியம்மா" என்று கிசுகிசுத்தாள். "யார் கூப்ட்டாலும் பேசக்கூடாது. பேர் சொல்லிக் கூப்ட்டாலும். கெட்டவங்களுக்கும் பேர் தெரிஞ்சிருக்கும்."

"அம்மா கூப்புட்டாலுமா?"

"அம்மா கூப்ட்டாலும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "இங்க பாரு தங்கம், இங்க அதெல்லாம் வேணாம். நம்ம வீட்டுல யாராவது கூப்புட்டா..." என்று ஆரம்பித்தேன். தங்கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"சொல்லாதக்கா. அடுத்த மாசம் ஸ்கூல் தொறந்துடும். அங்க போயி மறந்துட்டான்னா?"

பிறகு மகளின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, "கரெக்டா பண்ணுன கண்ணு. ரொம்பக் கரெக்ட்" என்றாள்.

குழந்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

"சமத்து" என்றேன்.