ஆற்றுக்கு வழிவிடும் தெரு

"...வாஸ்துப்படி வடகிழக்குல தண்ணி இருக்கோணும், தரை அந்தப் பக்கமாச் சரிஞ்சிருக்கோணும்னு ஆறு மாசம் தேடியில்லீங்ண்ணா இந்த வீட்டைப் புடிச்சோம்! வீடு காட்ட வந்த ஏஜென்ட், பாவம், கையில காம்பஸ் வெச்சுக்கிட்டு எங்க பின்னாலயே சுத்துனா. இப்பத் தண்ணி உள்ளயே வந்துட்டா ஆரைப் போய்க் குத்தம் சொல்றது?"

நியூவார்க் விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, டர்ன்பைக் நெடுஞ்சாலையில் காரை விரட்டியபடியே மாலதி சொன்னது இது. ஈரோட்டுக்காரர். அவர் கணவர் செந்தில் என்னோடு கல்லூரியில் படித்தவன்; வேலை டெக்சாஸில் பிளானோவுக்கு மாறியதால் ஆறு மாதமாக அங்கே தனியாக இருக்கிறான். அதே டெக்சாஸில் சுகர் லேண்டில் இருக்கும் நான் அலுவலக வேலையாக நியூ ஜெர்சி போவது தெரிந்ததும் போன் செய்தான். "வீட்டை ஸ்டேட்டுக்கே குடுத்துடலாம்னு நான் சைன் பண்ணிட்டேன்டா. அவ பண்ண மாட்டேங்கறா. நீ போய்ப் பேசிப் பாரு."

சனிக்கிழமை காலை 10.50. இருபது மைல் தாண்டி, எடிசனில் ஓக் ட்ரீ சாலையில் நிறுத்தினோம். மசால் தோசை 12 டாலர். சட்னி மூன்று வகை. சாப்பிட்டுக்கொண்டே மாலதி விவரம் சொன்னார். அடிக்கடி வெள்ளம் புகும் வீடுகளை மாநில அரசே விலைக்கு வாங்குகிறது. கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம். வாங்கியபின் வீட்டை இடித்துப் புல் விதைத்து விட்டுவிடுவார்கள். புயல்மழை வருடத்துக்கு வருடம் கடுமையாகிவருவதற்கு இந்த அரசு கண்டுபிடித்திருக்கும் மருந்துகளில் இது ஒன்று. கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும்.

12.15. எடிசனிலிருந்து பன்னிரண்டு மைல். ராரிட்டன் ஆற்றங்கரையில் ஒரு சிறிய தெரு. ஒன்பது வீடுகளில் நான்கு இப்போது இல்லை. நடைபாதை ஓரம் காருக்காகச் சரித்த இடம் அப்படியே இருக்கிறது; அதில் ஏறினால் வெறும் புல். ஓரிடத்தில் தபால் பெட்டியின் கம்பம் மட்டும் நின்றது. மாலதியின் வீடு ஐந்தாவது. வெளிர் மஞ்சள், இரண்டு மாடி, கிழக்குப் பார்த்த வாசல், கதவில் மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக்.

1.30 மணிக்கு மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"இடித்தபிறகு இங்கே என்ன கட்டுவீர்கள்?" என்று மாலதி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்றும் கட்டமாட்டோம், இனி யாரும் கட்டவும் முடியாது. ஆறு ஏறிவந்தால் அதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்த உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல ஆற்றைப் பற்றிப் பேசினார். எங்கள் சுகர் லேண்டில் கரையை உயர்த்துவோம், பம்பு வைத்துத் தண்ணீரை வெளியே தள்ளுவோம். ஒதுங்கிக்கொள்வது என்ற பேச்சை அங்கே நான் கேட்டதில்லை. திங்கட்கிழமைக்குள் சொன்னால் போதும் என்று அந்தப் பெண் எழுந்து போனார்.

கதவைச் சாத்திவிட்டு மாலதி என் பக்கம் திரும்பினார். "பேசச் சொல்லி அனுப்புனாருங்களா உங்க ஃப்ரெண்டு? பேசுங்க, பேசுங்க." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்க வந்த வருசந்தானுங்ண்ணா கிரீன் கார்டு வந்துச்சு. புள்ளை பொறந்தது இந்த வீட்டுல இருக்கறப்பத்தான். புல்டோசர் வெச்சு இடிங்கன்னு நானே எப்படிங்க எழுதிக் குடுக்கறது? தமிழ்ப் பையன் ஒருத்தர் வீட்டை வெலைக்குக் கேக்கறாரு. வெள்ளம் வந்ததை ஃபார்ம்ல எழுதிக் குடுத்துட்டேன், ஒண்ணும் மறைக்கலை. அவிககிட்டக் குடுத்தா வெளக்காச்சும் எரியுமில்லீங்க?"



4.05. வீட்டை விலைக்குக் கேட்ட கார்த்திக் வந்தார். முப்பது வயது இருக்கும், சென்னைக்காரர், கலிஃபோர்னியாவில் சன்னிவேலிலிருந்து மாற்றலாகி வருகிறார். போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு அறை அறையாக நடந்தார். "செம்ம அக்கா! எக்ஸாக்டா நார்த் ஈஸ்ட்ல வாட்டர். கலிஃபோர்னியால இந்த மாதிரி வாஸ்து கெடைக்கவே கெடைக்காது."

"வெள்ளம் வந்த விசயம் படிச்சீங்கல்லங்க?"

"படிச்சேன்க்கா. டூ டைம்ஸ்தானே? இன்ஷூரன்ஸ் போட்டுக்கலாம்."

கீழே இறங்கினோம். பாதி தரைக்குள் அமைந்த அறை. ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, அதற்கப்பால் ஆறு. சுவரில் புதுப் பெயின்ட். கார்த்திக் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"வைஃபுக்கு இது செவன்த் மந்த்க்கா. ரூம் நல்லா கூலா இருக்கு. தொட்டிலை இங்கயே போட்டுடலாம்."

மாலதி தன் தோள் உயரத்தில் சுவர்மேல் கையை வைத்தார். "தண்ணி இது வரைக்கும் வந்துச்சு தம்பி. அர மணி நேரத்துல."

"எப்பக்கா?"

"ரெண்டாவது தடவை. நாங்க மேல தூங்கிட்டிருந்தோம்."

கார்த்திக் போனை இறக்கினார். பிறகு, அந்த வீட்டை விட மனமில்லாதவராக, "அது... பம்ப் ஏதாச்சும் போட்டுக்கலாம்லக்கா?" என்றார்.

மாலதி படியேறி மேலே போனார். நாங்கள் சமையலறைக்குள் வந்தபோது மாநில அலுவலகப் பெண் மேசையில் வைத்துவிட்டுப் போன காகிதங்களை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஃப்ரிட்ஜ் கதவின்மேல் வைத்து அழுத்தி, செந்தில் பெயருக்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினார்.