கிதாரில் சிக்கிய மாலை

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை, எங்கள் அபிமான மூத்த மலாய் ராக் பாடகர் ஈப்போவில் பாட வந்தார். செமோர் தோட்டத்திலிருந்து நண்பன் செல்வத்தோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

"பெரிய மனுசன்லா மச்சான், வெறுங்கையோடயா போறது?" என்றான். வழியில் சிலிபின் பூக்கடையில் பெரிய செவ்வந்தி மாலையாக வாங்கினோம்.

ஆர்வக்கோளாறில், பாட்டு நடக்கும்போதே மேடையேறி அவருக்குப் போட்டுவிட்டேன். அவர் கிதாரைச் சுழற்றினார். மாலை சிக்கி அறுந்தது. ஒயர் பிடுங்கிக்கொண்டு கிதார் ஊமையானது. காவலர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள்.

அவரோ தலையெல்லாம் பூவோடு சிரித்தார். "அவன விடுங்க. இத்தன வருசத்துல எனக்கு விழுந்த முதல் மாலை" என்று மலாயில் சொல்லிவிட்டு, அதே பாட்டை முதலிலிருந்து பாடினார்.

இப்போதும் கச்சேரிக்கு மாலையோடுதான் போகிறேன். ஆனால், பாடகர் கிதாரைக் கழற்றி வைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.