கேட்டதையே கேட்ட நாள்

எங்கள் பனியன் கம்பெனியில் எல்லா அடிக்கும் ஒரே வைத்தியம்தான். தையல் ஊசி விரலில் ஏறினால் டிடி ஊசி. கட்டிங் கத்தி கிழித்தால் டிடி ஊசி. பக்கத்து வீதி கிளினிக்கில் போட்டுக்கொண்டு, வருகிற வழியில் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்ப மெஷினில் உட்கார்ந்துவிட வேண்டியது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு பேக்கிங்கில் சேர்ந்த எனக்கு, உலகத்தில் வேறு மருந்து இருப்பதே தெரியாது. என் மண்டை உடைகிற வரைக்கும்.

மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் கம்பெனி. என் பேக்கிங் மேசைக்கு நேர் எதிரில் அயர்ன் மேசை. அங்கே நிற்பவரை எல்லோரும் அயர்ன் மாஸ்டர் என்போம். வயது நாற்பதைத் தொட்டாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது எக்ஸ்போர்ட் ஆர்டர் கிடைத்தாலும் கிடைத்துவிடும், பெண் கிடைக்காது. அவர் ஜாதகம் தரகர் பையிலேயே கிடந்து கசங்கி, அதற்கே ஒருமுறை அயர்ன் போட வேண்டிய நிலைமை. நான் சும்மா இருப்பேனா?

“ஏனுங்ணா, பொண்ணு பாக்க எப்பங்க போறோம்?”

ஒவ்வொரு அட்டைப்பெட்டி ஒட்டும்போதும் கேட்பேன். “கம்முனு வேலையப் பாருடா” என்று ஆவியைப் ‘புஸ்’ஸென்று என் பக்கம் விடுவார். செக்கிங் அக்கா சிரிக்கிற சிரிப்பில், டி-சர்ட்டில் இருக்கிற ஓட்டை தப்பித்துப் போய்விடும்.

அன்றைக்கு நல்ல வெயில். மேலே தகரக் கூரை, எதிரே அயர்ன் ஆவி, வயிற்றில் ஒரே ஒரு டீ. குனிந்து பெட்டியைத் தூக்கி நிமிர்ந்தேன். ஓடுகிற மெஷினில் நூல் அறுந்த மாதிரி, அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. இனி வருவதில் பாதி அக்கா சொன்னது, மீதி அயர்ன் மாஸ்டர் சொன்னது. இரண்டு பேரும் என்னைப் போலப் புளுகுகிறவர்கள் இல்லை.

அப்படியே சாய்ந்தேனாம். அயர்ன் மேசையின் இரும்புக் காலில் மண்டை ‘டங்’கென்று இடித்ததாம். காதுக்கு மேலே கிழிந்து ரத்தம். சூப்பர்வைசர் முதலில் கத்தியது, “ஐயோ, வெள்ள பீஸ்ல பட்டுருச்சு!” அப்புறம்தான் நான் அவர் கண்ணில் பட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தேன். நானே எழுந்து உட்கார்ந்தேன். அயர்ன் மாஸ்டரைப் பார்த்துக் கேட்டேன்.

“ஏனுங்ணா, பொண்ணு பாக்க எப்பங்க போறோம்?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “மண்ட ஒடஞ்சும் வாய் அடங்குதா பாரு!” என்றார் அக்கா. சூப்பர்வைசருக்கு உயிர் வந்தது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பைக்குல நடுவுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயி ஒரு டிடி போட்டுட்டு வாங்க. சாயங்காலம் லோடு ஏத்தணும்.” யாரோ சோடா வாங்க ஓடினார்கள்.

நான் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சிரித்தார்கள். மூன்றாவது முறை கேட்டபோது அயர்ன் மாஸ்டர் அயர்ன் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என் முன்னால் வந்து குந்தினார்.

“இவன் வெளயாடலீங்க.”

“எப்பவும் கேக்கறதுதானப்பா?” என்றார் சூப்பர்வைசர்.

“கேப்பானுங்க. கேட்டுப்போட்டு என்ற மூஞ்சியப் பாப்பான், கடுப்பாகறனான்னு. அதுக்குத்தானுங்க கேக்கறதே. இப்பக் கேட்டுப்போட்டு எங்கயோ பாக்கறான்.”

சொல்லி முடிப்பதற்குள் நான் வாந்தி எடுத்தேனாம். பைக் சாவியை எடுத்த கை அப்படியே நின்றது. அயர்ன் மாஸ்டர் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, இவர் கம்பெனிக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னார்.

“ஒருக்களிச்சு படுக்க வெக்கோணுமாமா, வாந்தி தொண்டைல அடைக்கக் கூடாதாமா! கழுத்த ஆட்டக் கூடாதாமா! சுத்தமான துணிய வெச்சு அழுத்திப் பிடிக்கோணுமாமா! குடிக்க ஒண்ணும் குடுக்கக் கூடாது, தண்ணி கூட வேண்டாமாமா!”

துணிக்கா பஞ்சம்? எக்ஸ்போர்ட் குவாலிட்டியில் மடித்து மடித்து அழுத்தினார் அக்கா. எனக்காக வந்த சோடாவைச் சூப்பர்வைசர் குடித்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் எங்கள் டிடி ஊசி கிளினிக்கைத் தாண்டிப் போனபோது, “ஏனுங்க, பக்கத்துலயே டாக்டர் இருக்காருங்களே?” என்று அயர்ன் மாஸ்டர் கேட்டிருக்கிறார். “அங்க ஸ்கேன் இல்லீங்ணா. அங்க ஒருக்கா, பெரியாஸ்பத்திரிக்கு ஒருக்கான்னு அலஞ்சா நேரம் போயிரும்” என்றாராம் ஆம்புலன்ஸோடு வந்தவர். நடுவில் நான் இரண்டு தடவை பெண் பார்க்கக் கிளம்பினேனாம்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மயங்கி விழுந்தாரா, விழுந்து மயங்கினாரா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே?”

“இல்லங்க. அடிபட்டதால மயக்கம்னா தலையை மட்டும் பாத்தாப் போதும். மயக்கம் வந்து விழுந்திருந்தா, அது ஏன் வந்துச்சுன்னு இதயம், சர்க்கரை எல்லாம் பாக்கணும். யாராவது நேர்ல பாத்தீங்களா?”

“நான் பாத்தனுங்க. மொதல்ல மூஞ்சி வெளுத்துச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. கண்ணு சொருகுச்சு. அப்பறந்தான் சாஞ்சான். கைகால் இழுக்கலீங்க.”

குறித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். “இவ்ளோ தெளிவா யாரும் சொல்ல மாட்டாங்க. எப்படிங்க?”

“இவன் எந்நேரம் என்ன வம்பு பண்ணுவான்னு தெரியாதுங்களே. ஒரு கண்ணு எப்பவும் இவன் மேலயேதானுங்க.”

என் வம்புக்கு இப்படி ஒரு பலன் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

தையல் போட்டார்கள். மண்டையை ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்கள், ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். உள்ளே ரத்தக்கசிவு இல்லை. வெறும் வயிறும் வெக்கையும் சேர்ந்து வந்த மயக்கம், அடியில் மூளை குலுங்கிப் போயிருக்கிறது, அதனால்தான் சொன்னது மனதில் நிற்காமல் கேட்டதையே கேட்கிறேன், ஞாபகம் திரும்பிவிடும் என்றார் டாக்டரம்மா. ஆனால் இன்றைக்கு இங்கேயே படுக்க வேண்டும். மறுபடி வாந்தி, ஏறிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் உடனே கூப்பிட வேண்டும்.

“இப்படியே இருந்துருவானுங்களா டாக்டர்? அவங்கம்மாளுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?”

“வந்துரும்ங்க. பேசிட்டே இருங்க.”

அம்மா பஸ் ஏறி வருகிற வரைக்கும் அவர்தான் என் கட்டிலுக்குப் பக்கத்தில். நர்ஸ் வந்து வந்து பெயர் கேட்டார், சரியாகச் சொன்னேன். கிழமை கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன். நர்ஸ் போனதும் இவர் பக்கம் திரும்பி என் பாட்டை ஆரம்பித்தேன். முதலில், “தூங்குடா கண்ணு” என்று சமாளித்தாராம். கண்ணாம்! கம்பெனியில் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்திருக்கிறது. இவனுக்குத்தான் சொன்னது நிற்பதில்லையே, சொன்னால் என்ன?

எனக்கு ஞாபகம் தொடங்குவது இங்கேதான். மேலே ஒரு ஃபேன். காதுக்கு மேலே சுரீரென்று தையல். ஸ்டூலில் அயர்ன் மாஸ்டர், சட்டை முழுக்க என் ரத்தம். அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழமடா. பல்லடத்துல. புள்ள பால்வாடில டீச்சர். போட்டோல சிரிச்ச மூஞ்சி. உன்ற காதுல உழுந்தா கம்பெனி பூரா மைக் செட் கட்டிருவீன்னு கம்முனு பொட்டாட்ட இருந்தேன். எத்தன வாட்டி சொல்றது, தூங்கு.”

தூங்கிவிட்டேன். எழுப்பியபோது வெயில் இறங்கியிருந்தது. நர்ஸ் பெயர் கேட்டார், சொன்னேன். கிழமை கேட்டார், வியாழன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

“ஏனுங்ணா, பொண்ணு பாக்க எப்பங்க போறோம்?”

அயர்ன் மாஸ்டர் முகம் தொங்கிப்போனது. “மறுக்காவுமா...” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “எப்பவோ போறோம், படு” என்றார்.

“ஞாயித்துக்கெழம பல்லடம்னீங்க?”

ஸ்டூல் கவிழ்ந்தது. “சிஸ்டர்! சிஸ்டர்! இவனுக்கு ஞாபகம் வந்துருச்சுங்க!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு ஓடினார். கதவு வரைக்கும் போனவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பி வந்தார்.

“டேய். எல்லாமேவா ஞாபகமிருக்குது?”

“போட்டோல சிரிச்ச மூஞ்சிங்களாமா.”

“செக்கிங் அக்காகிட்ட மட்டும் வாயத் தொறந்தீன்னா, அந்த டாக்டரம்மாகிட்டயே மறக்கறதுக்கு ஊசி கேட்டு வாங்கி நானே போட்டுருவேன்!”

நாற்பது வயது ஆள் ஒருவர் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. நர்ஸ் கூட்டிவந்த டாக்டரம்மா டார்ச்சை அடித்து, “இங்க என்னைப் பாருங்க” என்றார். நான் அயர்ன் மாஸ்டர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.