விடைத்தாளில் ஒரு மீன் குழம்பு

எண்பதுகளோட தொடக்கம். காரைக்கால்ல ஒரு அரசு ஆபீஸ்ல நான் தற்காலிக டைப்பிஸ்டா இருந்தேன். கல்யாணமாகி தலத்தெருவுல குடித்தனம், மூணு வயசுல ஒரு பொண்ணு. படிச்சது பி.யூ.சி. வரைக்கும்தான். சுரக்குடியில எங்கப்பாவுக்கு இருந்த கொஞ்ச நிலத்தை வச்சுக்கிட்டு அதுக்கு மேல அவரால படிக்க வைக்க முடியல. நானும் அதைப் பெரிய குறையா நினைச்சதில்ல, அந்த உத்தரவு வர்ற வரைக்கும்.

பாண்டிச்சேரியிலேருந்து வந்த உத்தரவு அது. எங்களை மாதிரி தற்காலிகமா இருக்கறவங்க நாலு வருஷத்துக்குள்ள ஒரு பட்டம் வாங்கிட்டா வேலை நிரந்தரம். வாங்கலைன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்க ஆபீஸ்ல அப்படி ஆறு பேர் இருந்தோம். அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அரவை மில்லு வருஷத்துல பாதி நாள் மூடித்தான் கிடக்கும். என் வேலையும் போனா என்ன பண்றதுன்னு யோசிக்கவே பயமா இருந்துச்சு. சின்னக் குழந்தையையும் வேலையையும் விட்டுட்டு காலேஜ் பெஞ்சுல போய் உக்கார முடியுமா? தபால்ல படிக்கறது ஒண்ணுதான் வழி.

நாங்க இப்படித் தவிக்கறது எப்படித்தான் மோப்பம் பிடிச்சாரோ, அடுத்த மாசமே ஒரு ஏஜெண்ட் வந்து இறங்கினார். சித்திரை வெயில்ல டை கட்டிக்கிட்டு நிக்கற மனுஷனை அன்னிக்குத்தான் பார்த்தேன். அவரோட தபால் கல்லூரிக்கு ஒரு விளக்கப் புத்தகம் வச்சிருந்தார், பணக்கார வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தோத்துடும். வழவழன்னு தாளு, தங்கக் கலர்ல முத்திரை, முத்திரைக்கு ரெண்டு பக்கமும் சிங்கம். ஒரே வருஷத்துல பி.ஏ.வாம். பரீட்சையை வீட்டுலயே எழுதி அனுப்பிடலாமாம். எங்க கல்லூரியில இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லைன்னு அவர் சொன்னதும் எங்க ஆளுங்களுக்கு வாயெல்லாம் பல்லு.

கடைசிப் பக்கத்துலதான் பெரிய தூண்டில் இருந்துச்சு. அந்த ஒரு பக்கம் மட்டும் பிரெஞ்சுல அச்சடிச்சிருந்தாங்க. எங்க ஹெட்கிளார்க் சின்ன வயசுல பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவர். மூக்கால ரெண்டு வரி வாசிச்சுப் பார்த்துட்டு மனுஷன் அப்படியே உருகிட்டார். "பிரெஞ்சுலயே போட்டிருக்கான், இன்னும் என்னம்மா சந்தேகம்? இந்தப் பட்டம் பாரீஸ் வரைக்கும் செல்லும்"னார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்க ஊர்ல தெருவுக்கு ஒருத்தருக்காவது பிரான்ஸ்ல சொந்தக்காரங்க உண்டு. பிரெஞ்சுல ஒரு காகிதம் வந்துட்டா மறு கேள்வி கேக்காம நம்பற பழக்கம் எங்க எல்லாருக்குமே இருந்துச்சு. வேற ஊர்ல அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. ஹெட்கிளார்க் தன் பையனுக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கி வச்சுக்கிட்டார்.

நான் மட்டும் கையெழுத்துப் போடல. எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. மண்டபத்தூர்லேருந்து கூடையில மீன் வந்தா ஒவ்வொண்ணா செவுளைத் தூக்கிப் பார்க்காம வாங்க மாட்டேன். "நீ வாங்கி முடிக்கறதுக்குள்ள மீன் திரும்பக் கடலுக்கே போயிடும்"னு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். மீனுக்கே அப்படின்னா என் பொழைப்பையே தீர்மானிக்கற படிப்பை அட்டை அழகைப் பார்த்தா வாங்க முடியும்?

இன்னொரு பக்கம் என் பக்கத்து மேசைப் பொண்ணு இருந்தா. நல்ல கத்தோலிக்கக் குடும்பத்துப் பொண்ணு, என்னை அக்கா அக்கான்னு கூப்பிடுவா. எங்க ஆறு பேர்ல அவளும் ஒருத்தி, ஆனா உத்தரவுக்கு முன்னாடியே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒண்ணுல தபால் வழியா பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்திருந்தா. அவளுக்கு வர்ற பாடத்தைப் பார்த்தா அழுகைதான் வரும். பழுப்புத் தாளு, பாதி எழுத்து மங்கிப் போயிருக்கும், பின்னு துருப்பிடிச்சிருக்கும். மூணு வருஷப் படிப்பு வேற. இதுல முதல் வருஷம் ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆக்கிட்டாங்க. ஃபெயில் ஆக்கற காலேஜுக்குப் போய் எவளாவது பணம் கட்டுவாளான்னு ஆபீஸே அவளைப் பார்த்துச் சிரிச்சுச்சு. பாவம், அவளும் அதை விட்டுட்டு ஏஜெண்ட் பக்கம் வரலாமான்னு ஊசலாடிக்கிட்டு இருந்தா.

எனக்கு ஒரு விஷயம்தான் தெரியணும். நாம எழுதி அனுப்பறதை அந்தப் பக்கம் ஒரு மனுஷன் உக்காந்து படிக்கறானா? நான் ஏஜெண்ட்கிட்ட, மாதிரிக்கு ஒரு பாடம் குடுங்க, விடை எழுதி அனுப்பறேன், திருத்தி வந்த பிறகு சேர்றேன்னு சொன்னேன். அவரும் தாராளமாக் குடுத்தார். வரலாற்றுப் பாடம், அசோகரோட ஆட்சியைப் பத்தி நாலு பக்கம் எழுதணும். முதல் பக்கம் ஒழுங்கா எழுதினேன். ரெண்டாவது பக்கத்து நடுவுல, எழுத்து மாறாம, பத்திகூடப் பிரிக்காம, மாங்காய் போட்ட மீன் குழம்பு வைக்கற முறையை எழுதிட்டேன். கலிங்கப் போருக்கு அப்புறம் அந்த மகாராஜா மீனையே தொட்டிருக்க மாட்டார், என் விடைத்தாள்ல குழம்பு கொதிக்குது.

அதே குழம்பை அந்தப் பொண்ணு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பற பயிற்சி விடைத்தாள்லயும் ஒரு கேள்விக்கு எழுதச் சொன்னேன். அவ பயந்து செத்தா. "அக்கா, பேரை வெட்டிட்டாங்கன்னா எங்க அம்மா என்னைக் கொன்னுடுவாங்க"ன்னா. ரெண்டு நாளு கெஞ்சி, அதட்டி எழுத வச்சேன். தபால் பெட்டிக்கு முன்னாடி நின்னு சிலுவை போட்டுக்கிட்டுத்தான் உறையை உள்ள போட்டா. இப்ப நினைச்சா அது தப்புதான். என் சந்தேகத்துக்கு அவ படிப்பைப் பணயம் வச்சிருக்கக் கூடாது.

ஏஜெண்ட் கல்லூரி விடைத்தாள் பத்தே நாள்ல திரும்பி வந்துச்சு. நூத்துக்கு எண்பத்திரெண்டு. மேல "மிகச் சிறப்பு"ன்னு ஒரு முத்திரை. ரெண்டாவது பக்கத்துல என் மீன் குழம்பு மேலயே பெருசா ஒரு டிக். அதைப் பார்த்து என்னால சிரிக்க முடியல. ஏன்னா பல்கலைக்கழகத்துலேருந்து பதிலே காணோம். அங்கேயும் இதே மாதிரி டிக் போட்டு அனுப்பிட்டாங்கன்னா நான் எங்க போவேன்? விண்ணப்பத்தையும் பணத்தையும் வாங்க ஏஜெண்ட் திங்கட்கிழமை வர்றார். பல்கலைக்கழகத்துல சேர்றதுக்கும் அந்த வாரக் கடைசிதான் கெடு. என் வீட்டுக்காரர், "எல்லாரும் சேர்றாங்க, நீ ஒருத்தி மட்டும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே வேலையை விட்டுடப் போற"ன்னு கோச்சுக்கிட்டார். அவர் பயம் அவருக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணு உறையோட எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. பேச முடியாம மூச்சு வாங்கிச்சு. பிரிச்சுப் பார்த்தேன், தாள் முழுக்கச் சிவப்பு மை. ஒவ்வொரு பத்தி ஓரத்துலயும் ஒரு குறிப்பு. இங்க உதாரணம் வேணும், இது புத்தகத்து வரி, சொந்தமா எழுதவும்னு. குழம்பு இருந்த கேள்விக்குப் பூஜ்யம். அதுக்குக் கீழே இப்படி எழுதியிருந்துச்சு: "தேவை விதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேலும், மாங்காயை மீனுக்கு முன்பே போட வேண்டும். இல்லாவிட்டால் மாங்காய் வேகுமுன் மீன் கரைந்துவிடும். விடையைத் திருத்தி எழுதி அனுப்புக."

நான் அவசரத்துல மாங்காயை மீனுக்கு அப்புறம் போட்டு எழுதியிருந்தேன். அதைக்கூட விடாமப் பிடிச்சிருக்கார், யாரு பெத்த பிள்ளையோ. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து நாங்க ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஒரு பூஜ்யத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவங்க வேற யாரும் இருக்க மாட்டாங்க.

திங்கட்கிழமை ஏஜெண்ட் வந்து உக்காந்ததும், என் விடைத்தாளை அவர்கிட்டயே நீட்டினேன். இவ்வளவு மார்க் போட்டிருக்கீங்க, இந்த ரெண்டாம் பக்கத்தை எல்லாரும் கேக்கற மாதிரி கொஞ்சம் வாசிங்க சார்னேன். அவரும் பெருமையா ஆரம்பிச்சார். "அசோகர் சாலை ஓரங்களில் மரங்களை நட்டார். கிணறுகளை வெட்டினார். பிறகு சட்டியைக் காய வைத்து, வெந்தயம் தாளித்து, புளியைக் கரைத்து..." புளிகிட்ட வந்ததும் குரல் நின்னுபோச்சு. ஆபீஸ்ல சிரிப்பு வெடிச்சுதே, பக்கத்து அறையிலேருந்து ஆளுங்க எட்டிப் பார்த்தாங்க. யாரோ திருத்தினவங்க செஞ்ச தப்புன்னு அவர் முணுமுணுத்தார். "தப்பு பண்ணினது நான் சார், அதைப் பார்க்காம மார்க் போட்டது உங்க கல்லூரி"ன்னேன். அவர் விளக்கப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள்ள திணிச்சுக்கிட்டார்.

அந்தப் பொண்ணு எழுந்து நின்னு தன்னோட சிவப்பு மைத் தாளைப் பெருமையாக் காட்டினா. மாங்காய் முன்னாடியா, மீன் முன்னாடியான்னு ஆபீஸ்ல அரை மணி நேரம் சண்டையே நடந்துச்சு. ஹெட்கிளார்க் தன் பையனோட விண்ணப்பத்தைச் சத்தமில்லாம மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாவது நாள், என் பல்கலைக்கழக விண்ணப்பத்துல தானே கையெழுத்துப் போட்டு, கெடுவுக்குள்ள போய்ச் சேரட்டும்னு பதிவுத் தபால்ல அனுப்பி வச்சார். ஒருத்தர் மட்டும் பிடிவாதமா அந்தத் தங்க முத்திரைக் கல்லூரியிலேயே சேர்ந்தார். ரிப்பன் கட்டின பட்டம் வந்துச்சு. பாண்டிச்சேரியில அதைச் செல்லாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அவரைப் பார்த்து நாங்க யாருமே சிரிக்கல.

அப்புறம் நானும் அதே பொருளாதாரம் படிச்ச மூணு வருஷம் இருக்கே, லேசுப்பட்டதில்ல. பொண்ணுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே பாடம் படிப்பேன். லீவு நாள்ல பல்கலைக்கழகம் நடத்தற நேரடி வகுப்புக்குக் கும்பகோணம் போவேன். புள்ளியியல்ல எனக்கும் ஒரு தடவை ஃபெயில். அன்னிக்கு என் வீட்டுக்காரர்தான், "நல்ல காலேஜ்னு நீதானே சொன்ன, அதான் ஃபெயில் ஆக்கியிருக்கான், மறுபடி எழுது"ன்னார். மறுபடி எழுதினேன், பாஸ் பண்ணினேன்.

சான்றிதழ் சரிபார்க்கப் பாண்டிச்சேரிக்குக் கூப்பிட்டாங்க. சிதம்பரம், கடலூர்னு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். அங்க இருந்த அதிகாரி என் பட்டத்தை ரெண்டு விரலால பிடிச்சுத் தூக்கிப் பார்த்தார். "தபால் படிப்பா? இதுல என்னத்தைப் படிச்சிருப்பீங்க"ன்னு உதட்டைப் பிதுக்கினார். மூணு வருஷத்துக்கு முன்னாடின்னா நான் தலையைக் குனிஞ்சிருப்பேன். அன்னிக்குக் குனியல. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு.

"கேளுங்க சார்"னு சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். விலை ஏறினா தேவை குறையும்ங்கறாங்களே, உப்பு விலை ஏறினா ஏன் யாரும் குறைச்சு வாங்கறதில்லன்னு கேட்டார். நான் சொல்ல ஆரம்பிச்சேன். உப்புல தொடங்கி, நெல்லு விலை ஏறும்போது எங்கப்பா ஏன் விக்காமப் பத்தாயத்துலயே வச்சிருப்பார்ங்கறது வரைக்கும் வந்துட்டேன். அவர் பேனாவைக் கீழே வச்சுட்டுக் கேட்டார். கடைசியில கையெழுத்துப் போட்டு, தாளை ரெண்டு கையாலயும் எடுத்து என்கிட்ட நீட்டினார். வேலை நிரந்தரமாச்சு, பின்னால ரெண்டு பதவி உயர்வும் வந்துச்சு. ஆனா அந்த மேசைக்கு முன்னால நின்னு "கேளுங்க சார்"னு சொன்னேன் பாருங்க, எனக்கு நெஜமாவே பட்டம் கிடைச்சது அந்த நிமிஷத்துலதான்னு இன்னிக்கும் நான் நம்பறேன்.